லாத்தாவின் பெயரில் என் ஃபைல்

13 ஜூன் 1988, திங்கள்

மூன்று நாளாக மழை. ஏணியின் கீழ்ப்படி வரை தண்ணீர். பட்டறையில் இருந்த ரெக்சின் சுருள் எல்லாம் பரணுக்கு ஏற்றியாச்சு. பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், பை கேட்டு ஆள்மேல் ஆள். இவர் காலையிலிருந்து ஜிப் சப்ளை பண்ணுகிறவனை ஹிந்தியில் திட்டிக்கொண்டு.

வாங்க: பூண்டு. ஊதா நூல். மகன் யூசுப் ரெயின்கோட்டுக்குப் பட்டன். கெரசின் (கார்டு இவர் அலமாரியில்).

இந்த டைரியும் அந்த ஜிப்காரன் புது வருஷத்துக்குக் கொடுத்ததுதான். சும்மா கிடந்தது. இன்று எடுத்தேன், எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும் போல் இருக்கிறது. இந்த வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இவருக்குக் கையெழுத்து மட்டும் வரும், அதுவும் பாதி. பிள்ளைகள் இரண்டும் இங்கிலீஷ் மீடியம். அதனால் பூட்டு, சாவி தேவையில்லை. தையல் மிஷின் மேலேயே கிடக்கட்டும்.

மத்தியானம் லாத்தா வந்தாள், வடாலாவிலிருந்து, குடையில்லாமல். ஜொஹரா லாத்தா, என் கூடப்பிறந்த மூத்தவள், ஆறு வயது பெரியவள். வீட்டில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஒரு கவர் எடுத்தாள். ஆஸ்பத்திரிக் கடிதம். இங்கிலீஷ். அவள் பெயருக்கு.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் படித்தது: உங்களுக்கு 1973-ல் லிம்போமா நோய்க்காகக் கழுத்திலும் நெஞ்சிலும் ரேடியேஷன், அதாவது கரண்டு, வைத்து வைத்தியம் நடந்தது. அப்படி வைத்தியம் எடுத்துக் குணமானவர்களில் சிலருக்குப் பல வருஷம் கழித்துப் புதிதாக வேறு கட்டி வர வாய்ப்பு உண்டு. அதனால் ஒரு தடவை வந்து காட்டிவிட்டுப் போகவும்.

லாத்தாவுக்கு எந்த வைத்தியமும் நடக்கவில்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்தால்கூட ஓமத் தண்ணியோடு சரி. நடந்தது எனக்கு.

அதே நாள், மாலை

பாதியில் விட்டுவிட்டேன், பாங்கு சொல்லிவிட்டார்கள், பிள்ளைகள் வந்துவிட்டன. மீதி.

அன்று எனக்குப் பத்தொன்பது. இடது கழுத்தில் நெல்லிக்காய் நெல்லிக்காயாக மூன்று. டாக்டர் லிம்போமா என்றார். உம்மா அந்தச் சொல்லை வாயில் எடுக்கவே இல்லை, கழலை என்றே கடைசிவரை சொன்னாள். கான்சர் ஆஸ்பத்திரி வாசலில் கன்னிப் பெண்ணை நிறுத்தினால் அவளை எவன் கட்டுவான்? அந்த வரிசையில் எங்கள் தாராவிக்காரர்கள் எத்தனை பேர். சீட்டு எழுதுகிற இடத்தில் பெயர் கேட்டபோது உம்மா யோசிக்கவே இல்லை. ஜொஹரா என்றாள். வயது இருபத்தைந்து. மாப்பிள்ளை பெயருக்கு லாத்தா வீட்டுக்காரர், மச்சான் பெயர். பிள்ளை ஒன்று. எல்லாம் லாத்தாவுடையது, கழுத்து மட்டும் என்னுடையது.

மச்சானுக்கு அவர் பெயரை எழுதியது இன்றுவரை தெரியாது. அன்று ஊரில் இருந்தார், இன்று துபாயில்.

ஐந்து வருஷம் ஜொஹராவாகப் போய்வந்தேன். கடைசித் தடவை டாக்டர் சிரித்து, இனி பயமில்லை, அடுத்த பிள்ளை பெற்றுக்கொள்ளலாம் என்றார். முதல் பிள்ளையே இல்லாதவளிடம். அந்த வருஷமே இவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். கட்டியை எடுத்துப் பார்த்த தழும்பைக் கல்யாணத்தில் கட்டிய கருகமணி மறைத்தது. நெஞ்சில் இரண்டு நீலப் புள்ளி, கரண்டு வைக்க அடையாளத்துக்கு ஊசியால் மை ஏற்றியது. இவர் கேட்டபோது மச்சம் என்றேன். நீல மச்சம். நம்பினார் மனிதர்.

உம்மா மௌத்தாகி ஆறு வருஷம். இப்போது தெரிந்தவர்கள் லாத்தாவும் நானும்தான்.

சிக்கல் என்ன என்றால் கடிதத்தைப் பிரித்துப் படித்தது நூரு. லாத்தா மகள், என்னைச் சாச்சி என்பாள், பதினாறு வயது, அவளும் இங்கிலீஷ் மீடியம். படித்தவள், தன் உம்மாவுக்குத்தான் கான்சர் என்று அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாளாம்.

“நான் இல்ல, சாச்சிக்குத்தான்னு சொல்ல வேண்டியதுதானே லாத்தா?”

“எப்படிச் சொல்ல? அவ தலையில அடிச்சுல்லா உம்மாட்ட சத்தியம் பண்ணிருக்கேன்.”

நூரு அன்று தொட்டிலில்.

14 ஜூன், செவ்வாய்

தண்ணீர் கொஞ்சம் வடிந்திருக்கிறது. பைக் கைப்பிடி நாற்பது தைத்தேன். எட்டு கோணல், பிரித்துத் தைக்க வேண்டும்.

ஒன்று எழுதாமல் விட்டேன். லாத்தாவிடமும் சொல்லவில்லை. நோன்பு மாதத்திலிருந்து கழுத்தில் ஒன்று இருக்கிறது. நோன்பு திறந்து தண்ணீர் குடித்தபோது கையில் தட்டுப்பட்டது. விழுங்கினால் ஏறுகிறது, இறங்குகிறது. பழைய இடம் இல்லை, நடுவில். வலி இல்லை. ரமலான் முடியட்டும் என்று இருந்தேன். பிறகு பெருநாள் முடியட்டும். பிறகு பை சீசன் முடியட்டும்.

குணமாகிவிட்டது என்றுதானே அனுப்பினார்கள்? குணமானவளுக்கு எதற்குக் கடிதம்? தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை.

15 ஜூன், புதன்

இவரிடம் சொன்னேன்: லாத்தாவுக்கு உடம்பு சரியில்லை, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போகிறேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார். சொன்னேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். பிறகு போய்வா என்றார். லாத்தாவுக்கு சூப்பு வைக்கச் சொல்லி ஆட்டுக்கால் வாங்கி வந்தார்.

சுத்தம் பண்ணி வைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற குடும்பத்தில் பிறந்தவள் நான், ஆட்டுக்கால் எம்மாத்திரம்.

16 ஜூன், வியாழன்

காலை ஏழு மணிக்கே போயாச்சு. கால் வைக்க இடமில்லை. வராந்தாவில் ஈரக் குடைகள். பத்து வருஷமாக இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை, ஆனால் வாசனை அப்படியே. கட்டிடத்துக்குப் பெயிண்ட் மட்டும் புதுசு.

“ஜொஹரா” என்று கூப்பிட்டதும் நான் எழுந்தேன். லாத்தா அசையவே இல்லை. பழக்கம்.

டாக்டர் பெண், சின்ன வயது, ஹிந்தி. என் பழைய ஃபைல் அவள் மேஜையில். கருகமணியைக் கழற்றச் சொன்னாள். கழற்றி லாத்தா கையில் கொடுத்தேன். தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொன்னாள், பின்னால் நின்று விரலால் தொட்டுப் பார்த்தாள். இன்னொரு தடவை. எத்தனை நாளாக என்றாள். இரண்டு மாதம் என்றேன். லாத்தா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, உம்மா பார்வை அது.

கேட்டதும் அவள் சொன்னதும், மறக்குமுன்:

பழசு திரும்பிவிட்டதா? இல்லை, அது முடிந்த கதை.

அப்படியானால் இது? வேறு. தைராய்டில் ஒரு கட்டி. சாதாரணக் கட்டியாகவும் இருக்கலாம், அப்படித்தான் நிறையப் பேருக்கு. ஊசி போட்டு எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

கான்சராக இருந்தால்? வெட்டி எடுத்துவிடலாம், முன்னால் பிடித்தால் நல்லது.

கரண்டு வைத்ததாலா வந்தது? இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

அப்படியானால் அன்று வைத்தது தப்பா? இதற்கு மட்டும் அவள் உடனே பதில் சொன்னாள். வைக்காவிட்டால் இந்தக் கேள்வியைக் கேட்க நீங்கள் இருந்திருக்க மாட்டீர்கள்.

எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. காப்பாற்றியதே கெடுக்குமா? கெடுக்கும் என்றும் சொல்ல மாட்டேன் என்கிறாள், கெடுக்காது என்றும் சொல்ல மாட்டேன் என்கிறாள். வருஷா வருஷம் வந்து காட்டு என்கிறாள். பழைய குடித்தனக்காரன் காலி பண்ணிப் போய்விட்டான், புதுசாக எவனாவது வந்து உட்காருகிறானா என்று கதவைப் பார்த்துக்கொண்டே இரு என்பது மாதிரி.

பிறகு ஃபைலைப் புரட்டினாள். நாற்பது வயதா, பார்த்தால் தெரியவில்லையே என்றாள். ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

கரண்டு வைத்தபோது இருபத்தைந்து, அப்படித்தானே என்று மறுபடி கேட்டாள். அது ரொம்ப முக்கியமாம். சின்ன வயதில் வைத்தவர்களைத்தான் இன்னும் கவனமாக, இன்னும் ரொம்ப காலத்துக்குப் பார்க்க வேண்டுமாம். தைராய்டு மட்டுமில்லை, மார்பையும். பதினைந்து வருஷமாகச் சொன்ன பொய் தொண்டையில் நிற்கிறது, அந்தக் கட்டியோடு கட்டியாக.

லாத்தா சொன்னாள். “உன்னீஸ்.” பத்தொன்பது. தாராவி ஹிந்தியில், துண்டு துண்டாக. இவள் என் தங்கச்சி, ஜொஹரா நான். எனக்கு ஒரு நோயும் இல்லை.

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டாள். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. உங்களுக்குப் போட்ட கடிதம் இன்னொரு வீட்டுக்குப் போயிருக்கிறது, அவர்கள் கிழித்துப் போட்டிருந்தால் என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்டாள். ரொம்ப மெதுவாக. திட்டியிருக்கலாம்.

இன்று ஊசி கிடையாது. ரிசல்ட் வேறு ஆள் பெயரில் வரக்கூடாதாம். அடுத்த வியாழன் ரேஷன் கார்டோடு வா, வீட்டுக்காரரையும் கூட்டி வா, ஃபைலைத் திருத்திவிட்டு ஊசி.

பஸ்ஸில் லாத்தா கருகமணியைத் திருப்பிப் போட்டுவிட்டாள். சத்தியத்தை முறித்துவிட்டேனே, நூருவுக்கு ஏதும் ஆகுமா என்று சயான் வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள். டாக்டரிடம் சொன்னதில் குற்றமில்லை என்றேன். எனக்கென்ன தெரியும்.

17 ஜூன், வெள்ளி

வெயில் எட்டிப் பார்த்தது. துணி காயப்போட்டேன், எடுக்குமுன் மழை.

குழாயடியில், என் முதுகுக்குப் பின்னால்: “வடாலா ஜொஹராவுக்கு அதுவாமே.” “எது?” “அதுதான்.” “அல்லாவே, பொட்டப்புள்ளைய வச்சிருக்காளே.”

என் குடம் நிறைந்து வழிந்ததுகூடத் தெரியவில்லை.

ஜும்ஆ முடிந்து வந்து இவர் சொன்னார், லாத்தாவுக்காக துஆ கேட்டாராம். பட்டறை ஆட்களையும் கேட்கச் சொன்னாராம். நான் ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

18 ஜூன், சனி

வடாலா போனேன். நூரு உம்மாவைத் தண்ணீர் தூக்க விடுவதில்லை. அடுப்பு, துணி, எல்லாம் அவள்தான், ஸ்கூலுக்கும் போகவில்லை. லாத்தா கட்டிலில் சும்மா உட்கார்ந்திருக்கிறாள், கல் மாதிரி ஆரோக்கியமானவள். அவளுக்கு உட்காரவே தெரியாது, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையைப் பிசைந்துகொண்டு.

காட்கோபரில் இருந்து நூருவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள், மழை விடட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். மழைதான் காரணமா? பதினாறு வயதில் என்ன அவசரம் என்று நானே போன மாதம் சண்டை போட்டேன். இப்போது தள்ளிப்போனதற்கு அழுகை வருகிறது. எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை.

வாசல்வரை வந்து நூரு சொன்னாள், தமிழும் ஹிந்தியுமாக: வாப்பாவுக்கு லெட்டர் எழுதப் போகிறாள், வேலையை விட்டுவிட்டு வரச்சொல்லி. “சாச்சி, உம்மாவ வுட்டுராதிய.”

அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு வரை வந்தது. கன்னத்தைத் தடவிவிட்டு ஓடி வந்தேன், கோழை.

19 ஜூன், ஞாயிறு

பட்டறை லீவு. காலை பத்து மணி. பிள்ளைகள் பக்கத்து வீட்டில் டி.வி.

சொல்லிவிட்டேன்.

எப்படி ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. ரேஷன் கார்டு வேண்டும் என்று ஆரம்பித்தேன் போலிருக்கிறது. எதற்கு என்றார். பெயர் மாற்ற என்றேன். யார் பெயரை என்றார். அங்கிருந்து பின்னாலே போய், பின்னாலே போய், 1973 வரை.

இவர் ஒரு பையின் வாரை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டே கேட்டார். கடைசியில் கேட்ட முதல் கேள்வி:

“அப்ப அந்த நீல மச்சம்?”

“மை.”

தலையை ஆட்டினார். இன்னும் கொஞ்ச நேரம் வாரை இழுத்தார். பிறகு, “சொன்னா கட்டிருக்க மாட்டேன்னு நெனச்சிட்டியளா எல்லாரும்?”

“கட்டிருப்பியளா?”

செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். மழையில். குடை மூலையில்.

20 ஜூன், திங்கள்

சாப்பிட்டார். பிள்ளைகளிடம் பேசினார். நூல் எங்கே என்று என்னிடம் கேட்கவேண்டியதை யூசுபிடம் கேட்டார், அவன் என்னிடம் கேட்டான், நான் அவனிடம் சொன்னேன்.

கைப்பிடி ஐம்பத்திரண்டு. ஒன்றுகூடக் கோணல் இல்லை. இதென்ன கூத்து.

தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். நேற்றைவிடப் பெரிதா? சின்னதா? தொட்டே பெரிதாக்கிவிடுவேன்.

21 ஜூன், செவ்வாய்

காலையில் டீ கொடுக்கும்போது கேட்டார், பிள்ளைகளுக்கு வருமா என்று. டாக்டரிடம் நான் அதைக் கேட்கவே இல்லை! என்னைப் பற்றியே கேட்டுவிட்டு வந்திருக்கிறேன். அதைச் சொன்னேன். அதுக்கென்ன, வியாழக்கிழமை கேட்கலாம் என்றார்.

கேட்கலாம் என்றார். கேள் என்று சொல்லவில்லை. வருகிறார் என்றா அர்த்தம்? கேட்கப் பயமாக இருந்தது.

மத்தியானம் மிஷினை நிறுத்திவிட்டு அவரே சொன்னார். “யோசிச்சுப் பாத்தேன். அன்னைக்குச் சொல்லிருந்தா கட்டிருக்க மாட்டேன்னுதான் தோணுது.” மிஷினில் நூலைக் கோத்துக்கொண்டே, “நல்லவேள சொல்லல.” பிறகு பெரிய கத்தரிக்கோலை எடுத்துத் தரச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன்.

இதற்கு நான் அழ வேண்டுமா சிரிக்க வேண்டுமா? உம்மா செய்தது சரி என்று ஆகிவிட்டது. டாக்டர் கணக்கில் தப்பு. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கும்? உம்மா இருந்தால் கேட்டுச் சண்டை போட்டிருப்பேன். அவள் ஒற்றை வார்த்தையில் வாயடைத்திருப்பாள்.

22 ஜூன், புதன்

எண்ணெய், துவரம்பருப்பு, பல்பு.

இவரைச் சாயங்காலம் காணவில்லை. டெலிவரிக்கு என்று நினைத்தேன். வந்து சட்டையை உதறிக்கொண்டே சொன்னார், வடாலா போயிருந்தாராம்.

“அந்தப் புள்ளட்ட சொல்லிட்டேன். ஒங்க உம்மா நல்லாருக்கா, நீ ஸ்கூலுக்குப் போன்னு.”

நூரு என்ன சொன்னாள் என்று கேட்டேன். முதலில் சிரித்தாளாம், உம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. பிறகு, அப்ப சாச்சிக்கா என்று கேட்டு மறுபடி அழ ஆரம்பித்துவிட்டாளாம். லாத்தா எழுந்து நேராகத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு கீழே போய்விட்டாளாம். பத்து நாள் தூக்காத தண்ணீர் பாக்கி.

வடாலாவுக்குத் தெரிந்தால் தாராவிக்குத் தெரியும். குழாயடிக்கு நாளைக்கே வரும். வரட்டும் என்று எழுத ஆசை. ஆனால் என் மகள் ரஹிமாவுக்கு ஆறு வயதுதான். அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் காலத்தில் எந்த முட்டாளாவது இதைக் கிளறுவான். பார், எனக்குள்ளும் உம்மா உட்கார்ந்திருக்கிறாள்.

23 ஜூன், வியாழன்

ஊசி எடுத்தாச்சு. எறும்புக் கடிதான். கழுத்தில் பஞ்சு ஒட்டியிருக்கிறார்கள், குளிக்கக்கூடாது. ரிசல்ட் அடுத்த வியாழன். பிள்ளைகளுக்கு வருவதற்கு இதில் ஒன்றும் இல்லை என்றாள் டாக்டர், இவர் இரண்டு தடவை கேட்டார், இரண்டு தடவையும் அதையே சொன்னாள். என் கட்டியைப் பற்றி மட்டும் இன்னும் “பார்க்கலாம்”.

இவர் பட்டறையை ஆட்களிடம் விட்டுவிட்டு வந்தார். பை சீசனில். ரேஷன் கார்டை ரெக்சின் துண்டில் சுற்றி, மேலே பிளாஸ்டிக், அதற்கு மேல் கைக்குட்டை. கவுன்ட்டரில் பிரித்துக் கொடுக்கவே ஐந்து நிமிஷம். கிளார்க் கிழவர் ஃபைலைத் திறந்து சிவப்பு மையால் ஜொஹராவை அடித்தார், மச்சானை அடித்தார், இருபத்தைந்தை அடித்தார், பிள்ளை ஒன்றை அடித்தார். மேலே சின்ன எழுத்தில் என் பெயர், சபியா. காதர் மனைவி. பத்தொன்பது. எனக்கு லாத்தாவையே அடித்த மாதிரி ஒரு திக். இவர் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார், நாக்கைக் கடித்துக்கொண்டு, தமிழில்.

பிறகு பெஞ்சு. கூட்டம். எதிரில் ஒரு பையன் தலையில் முடியே இல்லாமல் வடாபாவ் தின்றுகொண்டிருந்தான். அவனுக்கும் கரண்டு வைப்பார்களா, பதினைந்து வருஷம் கழித்து அவனுக்கும் கடிதம் போகுமா, சரியான வீட்டுக்குப் போகுமா என்று எங்கேயோ போய்விட்டது புத்தி.

சிஸ்டர் கதவைத் திறந்து ஒரு பெயர் கூப்பிட்டாள். யாரும் எழவில்லை. மறுபடி கூப்பிட்டாள், எரிச்சலாக. எவளோ ஊசிக்குப் பயந்து ஓடிவிட்டாள் என்று நினைத்தேன். பாவமாகக்கூட இருந்தது, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திரும்பித் தேடினேன். மூன்றாவது தடவை.

இவர் என் முழங்கையைத் தொட்டார்.

“சபியா, ஒன்னத்தான் கூப்புடுதாங்க.”